பத்துக் காசுல ஹெர்பர்ட் சாப்மன்

வணக்கம். மேசைல பத்து ஒரு ரூபாய்க் காசு பரப்பி வச்சிருக்கேன், பாருங்க. கோல்கீப்பர் தனி, அவரை விட்டுடலாம். பின்னால ரெண்டு ஃபுல்பேக், நடுவுல மூணு ஹாஃப்பேக் (அதுல மத்தியில நிக்கிறவர் சென்டர் ஹாஃப்), முன்னால அஞ்சு ஃபார்வர்டு (ஓரத்துல நிக்கிற ரெண்டு பேர் விங்கர்). நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஃபுட்பால் டீம் நின்ன விதம் இதுதான். இதைக் கலைச்சு வேற மாதிரி அடுக்கினவர் இங்கிலாந்து ஃபுட்பால் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன்.

1878ல ஷெஃபீல்டு பக்கம் கீவ்ட்டன் பார்க்ல, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோட மகனாப் பிறந்தவர். ஆட்டக்காரரா கிளப் கிளப்பா மாறிக்கிட்டே இருந்தார், பெரிய பேர் எடுக்கல. 1907ல நார்தாம்ப்டன்ல ஆடிக்கிட்டே மேனேஜர் ஆனார். ரெண்டே வருஷத்துல அந்த டீம் சதர்ன் லீக் சாம்பியன். அடுத்தது லீட்ஸ் சிட்டி கிளப். முதல் உலகப் போர்க்காலத்துல விதியை மீறி ஆட்டக்காரங்களுக்குப் பணம் கொடுத்ததாப் புகார் வந்து, கணக்குப் புத்தகத்தைக் காட்டாததால 1919ல கிளப்பையே லீக்ல இருந்து நீக்கிட்டாங்க. சாப்மனுக்கும் தடை. போர்க்காலத்துல அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை பார்த்தார்னு எடுத்துச் சொன்ன பிறகுதான் தடை நீங்குச்சு.

1921ல ஹடர்ஸ்ஃபீல்டு கிளப்புக்கு வந்தார். 1923-24 லீக் முடிவைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃபும் ஆளுக்கு 57 புள்ளி. புள்ளி சமமானா அப்போ போட்ட கோலை வாங்கின கோலால வகுப்பாங்க. 60ஐ 33ஆல வகுத்தா 1.818, 61ஐ 34ஆல வகுத்தா 1.794. சாப்மன் டீம் சாம்பியன். இன்னைக்கு மாதிரி கழிச்சுப் பார்த்தா ரெண்டுமே 27தான், கூட ஒரு கோல் போட்ட கார்டிஃப் ஜெயிச்சிருக்கும். கடைசி ஆட்டத்துல கார்டிஃப் ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டு 0-0ல முடிச்சுது!

1925ல அவர் ஆர்சனலுக்கு வந்தார். அதே கோடையில ஆஃப்சைட் விதி மாறுச்சு. அதுவரை கூட்டாளி பந்தை முன்னால உதைக்கிற நேரத்துல, கோல்கீப்பரையும் சேர்த்து எதிராளி மூணு பேராவது ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவுல இருக்கணும், இல்லேன்னா ஆஃப்சைட்னு ஆட்டத்தை நிறுத்திடுவாங்க. அதனால ஒரு ஃபுல்பேக் மேல ஏறி ஆஃப்சைட் பொறி வைப்பார், அது தப்பினாலும் இன்னொருத்தர் பின்னால காவல் நிப்பார். புது விதியில அந்த மூணு பேர் ரெண்டு பேராச்சு. இப்போ பொறி தப்பினா மிச்சம் கோல்கீப்பர் மட்டும்தான். உச்ச லீகான முதல் டிவிஷன்ல ஒரே வருஷத்துல கோல் 1,192ல இருந்து 1,703 ஆச்சு.

அக்டோபர் 3, நியூகாசில்ல ஆர்சனல் 0-7னு தோத்துச்சு. சென்டர் ஹாஃபைப் பின்னால இறக்கணும்னு கேப்டன் சார்லி பக்கன் வற்புறுத்தினார், சாப்மன் கேட்டுக்கிட்டார். ஆட்டக்காரர் சொன்ன யோசனையைக் கூச்சப்படாம எடுத்துக்கிட்டதுதான் எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது.

காசை நகர்த்துறேன். நடுக்காசு ரெண்டு ஃபுல்பேக்குக்கும் இடையில வருது. ஃபுல்பேக் ரெண்டும் அகலமா விலகி எதிராளி விங்கரைப் பிடிக்குது. ஹாஃப்பேக் ரெண்டும் உள்ளே வருது. இத்தோட விட்டா என்ன ஆகும்? நடுவுல பெரிய ஓட்டை. பின்னால பந்தைப் பிடிச்சாலும் முன்னால கொண்டு சேர்க்க ஆள் இல்ல. அதனால முதல்ல ஒரு இன்சைட் ஃபார்வர்டு (விங்கருக்கும் நடு ஃபார்வர்டுக்கும் இடையில நிக்கிறவர்), போகப்போக ரெண்டு பேரும் கீழ இறங்கினாங்க. மேல இருந்து பாருங்க: முன் அஞ்சு காசு டபிள்யூ, பின் அஞ்சு எம்.

இந்த அடுக்கு ஒரே நாள்ல அமையல. நடுத் தடுப்புக்கு ஹெர்பி ராபர்ட்ஸை 1926ல எடுத்தார். நடுவுல பந்து பிரிச்சுக் கொடுக்க அலெக்ஸ் ஜேம்ஸை 1929ல 8,750 பவுண்டுக்கு வாங்கினார். ஜேம்ஸ் கோல் போடணும்னு இல்ல, விங்ல ஓடுற கிளிஃப் பாஸ்டினுக்குப் பந்து போய்ச் சேரணும், அவ்வளவுதான். 1930-31ல 42 ஆட்டத்துல 127 கோல், ஆர்சனலுக்கு முதல் லீக் பட்டம்.

1934 ஜனவரியில, சளி பிடிச்சிருந்தும் கில்ட்ஃபோர்டுக்குப் போய் மூணாவது டீம் ஆட்டம் பார்த்தார். அது நிமோனியா ஆகி 6ஆம் தேதி இறந்துட்டார், வயசு 55. ஹடர்ஸ்ஃபீல்டு 1924, 25, 26ன்னு தொடர்ந்து மூணு பட்டம், ஆர்சனல் 1933, 34, 35ன்னு மூணு. ரெண்டு இடத்துலயும் மூணாவது பட்டம் வந்தப்போ மேனேஜர் நாற்காலியில வேற ஆள் இருந்தார்.