எலியும் பொறியும் கோடு போட்ட நோட்டும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சட்டவிரோதப் புகையிலை வியாபாரத்தை ஒடுக்கப் பெரிதும் தேவை நீதிமன்றத் தண்டனையா, விடாத கண்காணிப்பா என்ற தலைப்பில், கண்காணிப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பெட்டிக்கடைக்கு முத்திரை வைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். எலி என்றதும் எனக்கு எங்கள் தெருக் கடைதான் நினைவுக்கு வந்தது.

ஒருநாள் இரவு எட்டு மணிக்கு என் மகள் கணக்கு நோட்டு கேட்டாள். கடைக்குப் போய், "நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுங்கள்" என்றேன். கடைக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கோடு போட்டதா, போடாததா?" என்று ரகசியமாகக் கேட்டார். நோட்டுக்கு எதற்கு ரகசியம் என்று யோசித்துக்கொண்டே, "கோடு போட்டது" என்றேன். அவர் உப்பு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு, செய்தித்தாளில் மடித்த ஒன்றை என் உள்ளங்கையில் அழுத்தி, "இங்கே பிரிக்காதீங்க சார்" என்றார். வீட்டில் என் மனைவிதான் பிரித்தாள். உள்ளே இருந்தது குட்கா. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவ்வளவு விரைவாக எந்த நீதிமன்றமும் தண்டனை வழங்கியதில்லை. கோடு போடாதது கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது எலிக்கு வருகிறேன். எதிரணியினர் பெரிய பொறி வைத்திருக்கிறார்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, 77ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அருமையான பொறிதான். ஆனால், ஐயா, அதில் தினமும் கருவாடு வைக்கிற ஆள் யார்? பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அதை மீறினால் அதிகபட்ச அபராதம் இருநூறு ரூபாய். அது பொறிகூட இல்லை, எலிக்கு வைத்த மொய்.

நீதிமன்றத்தையே நம்பியிருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2013 முதல் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்ட குட்கா தடையை, தற்காலிக அதிகாரத்தைக் கொண்டு நிரந்தரத் தடை போட முடியாது என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதற்கும் முன்பு, 2017 ஜூலையில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் குட்கா பொட்டலங்களைச் சட்டப்பேரவைக்குள் கொண்டுவந்து காட்டியபோது, விற்றவருக்குப் போகவேண்டிய நோட்டீஸ் காட்டியவருக்குப் போனது. எங்கள் கடைக்காரர் கொடுத்தது நோட்டு, அங்கே கொடுத்தது நோட்டீஸ்.

சரி, எங்கள் கடை என்ன ஆயிற்று? உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து மிட்டாய் டப்பாக்களைக் கவிழ்த்தார். முதல் முறைக்கான இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் பதினைந்து நாள் பூட்டும் விழுந்தன. அதற்குக் கடைக்காரர் அசரவில்லை. கடை திறந்த வாரத்திலேயே அதே அதிகாரி மறுபடி வந்தார். பத்து நாள் கழித்து, சொல்லாமல், மூன்றாம் முறையும் வந்து அதே உப்பு மூட்டையை நகர்த்தச் சொன்னார். அன்றோடு அங்கே நோட்டு என்றால் நோட்டுதான். எதிரணித் தலைவரே, வீடு எரியவில்லை. எலி மட்டும்தான் போயிற்று.

அந்தக் கடைக்கு மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் அங்கே "நோட்டு" வாங்கத் தொடங்கியவன். இப்போது பத்தொன்பது வயது. வாய்க்குள் தசை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் திறப்பதில்லை. இட்லியைக்கூட ரசத்தில் கரைத்து, குழந்தைக்கு ஊட்டும் கரண்டியால் அவனுக்கு ஊட்டுகிறார். கடைக்கு முத்திரை வைத்த அன்று தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கையில் அந்தக் கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டம் எத்தனையாவது பிரிவு என்றோ, எத்தனை ஆண்டு சிறை என்றோ அவர் கேட்கவில்லை.

"அடுத்த மாசமும் அந்த ஆபீசர் வருவாரா, தம்பி?" என்றுதான் கேட்டார்.