பெட்டியின் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைச் சபையோரே, வணக்கம்.

"ஒரு பெண்ணின் கல்லூரிக்கால நினைவுப் பொருள்களைக் காப்பது பெட்டியா, கைபேசியா?" என்ற தலைப்பில் பெட்டியின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி கேட்டார்: "2004 டிசம்பர் 26 அன்று நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அள்ளிப்போன அல்பங்களை எந்தப் பெட்டி காப்பாற்றியது? படமெடுத்துக் கைபேசியில் போட்டால் கடலும் தொடாது, கறையானும் தொடாது."

கடல் கொண்டுபோனதை எந்தப் பெட்டியும் தடுத்திராது, உண்மை. ஆனால் கடல் நனைத்துவிட்டுப் போன அல்பங்களும் இருந்தனவே! உப்புத்தண்ணீர் ஊறிய அல்பத்தை அப்படியே வெயிலில் காயவைத்தால், படங்களின் மேலிருக்கும் ஜெலட்டின் படலம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகங்கள் உரிந்து வரும். ஈரம் காயுமுன்பே ஒவ்வொன்றாகப் பிரித்து, குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்ப வேண்டும். படப்பக்கத்தில் விரல் படக்கூடாது. எல்லாம் இரண்டு நாளைக்குள் முடிய வேண்டும், பிந்தினால் பூஞ்சணம் பிடிக்கும். முடியாதென்றால் சிறு கட்டுகளாக, இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் வைத்துவிட்டு ஆறுதலாகப் பிரிக்கலாம். ஓட்டோகிராப் புத்தகத்தை மட்டும் அலச வேண்டாம். மைப்பேனை எழுத்து தண்ணீரில் கரைந்துவிடும். ஒற்றுத்தாளை இடையில் வைத்து ஈரத்தை இழுக்க விட வேண்டும்.

நடுவர் அவர்களே, இந்தப் பொருள்களைக் காலம் மட்டும் அழிக்கவில்லை. பாதுகாக்கிறோம் என்று நாம் செய்வதே பாதியை அழிக்கிறது. 1970, 80களில் வந்த ஒட்டும் அல்பத்தை எடுங்கள். மட்டையில் பசை வரிகள், மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் தாள். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்துக்குள் ஊறும். மேல்தாள் பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை என்றால் அது சிதையும்போது அமிலம் கசியும். பேராதனைப் பல்கலைக்கழகத்து ஹில்டா ஒபயசேகர விடுதி வாசலில் தோழிகளோடு நின்று எடுத்த படம் அப்படியோர் அல்பத்தில் இருந்தால், இன்றே வெளியே எடுங்கள். கையால் இழுத்தால் படம் சுருண்டு வெடிக்கும். பல் இடுக்குத் துப்புரவாக்கும் நூலைப் படத்துக்கும் மட்டைக்கும் இடையே நுழைத்து, அறுப்பதுபோல மெல்ல நகர்த்துங்கள். அசையாவிட்டால், தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் மட்டையின் பின்புறம் சில விநாடி காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் பலாத்காரம் வேண்டாம், அந்தப் பக்கத்தோடேயே ஸ்கான் எடுத்து வையுங்கள்.

அடுத்தது சான்றிதழ். லமினேட் பண்ணினால் பத்திரம் என்று நம்புகிறோம். சூடும் பசையும் தாளுக்குள் ஏறிவிட்டால் அதைத் திரும்பக் கழற்ற வழியில்லை. கிழிந்த கடிதத்துக்கு செலோடேப் ஒட்டினால், டேப் உதிர்ந்த பிறகும் பழுப்புத் தழும்பு நிற்கும். குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் கம்பி எதுவும் வேண்டாம். நம்மூர் உப்புக்காற்றில் அவை கறள் பிடித்துத் தாளைத் தின்றுவிடும். ஓட்டோகிராப்புக்குள் வைத்த காய்ந்த பூவைத் தனி உறைக்கு மாற்றுங்கள். பூவின் சாறு எதிர்ப்பக்கத்து எழுத்தில் கறையாக இறங்கும்.

பிரியாவிடை நாளில் உடுத்த பட்டுச்சேலையைக் கடையில் தந்த பொலித்தீன் உறையிலேயே வைத்திருப்பவர்கள் பலர். உள்ளே அடைபட்ட ஈரலிப்பு சரிகையைக் கறுக்க வைக்கும். கஞ்சி போடாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சிப்பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே இழை அறும்.

பெட்டியைச் சீமெந்துத் தரையிலும் வைக்கக்கூடாது, வெளிச்சுவரோடும் ஒட்டக்கூடாது. ஒக்டோபரில் தொடங்கும் மாரியில் சுவர் வழியே ஈரம் ஏறும். கச்சான் காற்று வீசும் வரண்ட நாளொன்றில் நிழலில் திறந்து பார்த்தால், பூச்சியும் பூஞ்சணமும் தொடக்கத்திலேயே பிடிபடும்.

இனிக் கைபேசிக்கு வருகிறேன். பிரதி எடுப்பதை எங்கள் அணி எதிர்க்கவில்லை. ஒழுங்காக எடுங்கள் என்கிறோம். ஸ்கான் எடுக்கும்போது சிறிய படம் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி, கடிதம் என்றால் 300, பின்பக்கத்தையும் சேர்த்து. பிரதி மூன்று இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில். இவ்வளவும் செய்தாலும் அது பிரதிதான். 1990களில் ஃப்ளொப்பியில் போட்டு வைத்ததைத் திறக்க இன்று எத்தனை வீட்டில் கருவி இருக்கிறது? அதே காலத்தில் எழுதிய கடிதத்தைத் திறக்க எந்தக் கருவியும் வேண்டாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவாக்கிவரும் நூலக நிறுவனத்துக்கும் முதலில் வேண்டியது யாரோ ஒருவர் வீட்டில் செல்லரிக்காமல் வைத்த அசல்தான்.

கைபேசிப் படம் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. குழுப்படத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்டூடியோ முத்திரை, திகதி, சிலவேளை வரிசையாகப் பெயர்கள். பெண்கள் படத்தில் இது உயிர்நாடி. கலியாணத்தோடு தகப்பன் பெயரின் முதலெழுத்துப் போய்க் கணவன் பெயரின் முதலெழுத்து வந்துவிடுகிறது. படத்தில் நிற்பவளைப் பிறகு அந்தப் பழைய பெயரில் தேடினால் கிடைப்பதில்லை. ஆகவே அன்றைய பெயர், இன்றைய பெயர், ஊர் மூன்றையும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனை அழுத்தம் முன்பக்க முகத்தில் தடமாக எழும்பும்.

எழுதும்போது அந்த வகுப்புத் தோழி ஒருத்தியையாவது பக்கத்தில் இருத்துங்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவது யார் என்று ஒருவர் மறந்தால் மற்றவர் சொல்லுவார். அந்தப் பெயர்கள் கேட்டுப் பெறக்கூடிய காலம் இதுதான், நடுவர் அவர்களே. பெட்டியின் பக்கம் தீர்ப்புத் தர வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.