“கான்ட்ராஸ்ட் கூடிப்போச்சு” என்றால், எங்கே?

வணக்கம். மேசைமேல் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பிரிண்ட்களை இன்னும் சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கப் போகிறோம். அதற்கு முன், கருத்துச் சொல்வதைப் பற்றியும் கேட்டுக்கொள்வதைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடலாம்.

“ரொம்ப நல்லா இருக்கு” என்று ஒருவர் சொல்கிறார். “கான்ட்ராஸ்ட் கூடிப்போச்சு”, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகமாகிவிட்டது என்கிறார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் படம் திருத்தும் மென்பொருளில் எந்த ஸ்லைடரை, எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்த்துவார்? தெரியாது. அப்படியென்றால் நாம் இன்னும் கருத்தே சொல்லவில்லை. படத்தில் எந்த இடம், அங்கே என்ன சாம்பல் இருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் இருந்தால்தான் அது கருத்து.

திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். திண்ணையில் ஒரு பெரியவர். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், தோளில் வெள்ளைத் துண்டு, தலையில் நரை. முகம் நிழலில், தோள்மேல் வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். இப்போது துண்டும் சுவரும் ஒரே வெள்ளையாகி, வலது தோள் எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. “கான்ட்ராஸ்ட்” என்று முனகியவர் சொல்ல வந்தது இதைத்தான். ஆனால் கான்ட்ராஸ்டைக் குறைத்தால் இது சரியாகாது. முகமும் சேர்ந்து சாம்பலாகிப் படம் சோகை பிடித்துப்போகும்.

அடுத்த கேள்வி: பிழை எந்தக் கட்டத்தில் நடந்தது? ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பில்), அல்லது ஃபிலிம் நெகட்டிவில், துண்டின் நெசவு பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருந்தால் வேலை சுலபம். அந்த இடத்தை மட்டும் அரை ஸ்டாப் இறக்கினால் போதும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). பிரிண்ட் போடும் இருட்டறையில் காகிதத்துக்குக் கொடுக்கும் அடிப்படை எக்ஸ்போஷர் 12 விநாடி என்றால், தோளுக்கு மட்டும் கூடுதலாக 5 விநாடி பர்னிங், அதாவது அந்த இடம் கறுக்க அங்கே மட்டும் கூடுதல் ஒளி. பதிவாகாமல் வெளுத்தே போயிருந்தால் எவ்வளவு பர்னிங் கொடுத்தாலும் நெசவு வராது. துண்டு துவைக்காத துண்டு மாதிரி அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். நரைத் தலை சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பது வேறு சங்கதி. அதற்கு இருட்டறையில் மருந்து இல்லை. எடுத்தவர் ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் தலைக்குப் பின்னால் கதவின் இருட்டு வந்திருக்கும். இதையும் சொல்லுங்கள், ஆனால் “அடுத்த முறைக்கு” என்று பிரித்துச் சொல்லுங்கள். இன்று திருத்தக்கூடியதையும் திருத்தமுடியாததையும் ஒரே மூச்சில் கொட்டினால் கேட்கிறவருக்குக் கைகால் ஓடாது.

சாம்பலைப் பற்றிப் பேச ஒரு பொது அளவுகோல் இருந்தால் வாய்ச்சண்டை குறையும். 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஒளிப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஜோன் சிஸ்டம் அதற்கு இன்றும் உதவும். 0 முழுக் கறுப்பு, 10 வெறும் காகித வெள்ளை, இடையில் 5 என்பது 18 சதவீதச் சாம்பல். ஒரு ஜோனுக்கும் அடுத்ததற்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம். நுணுக்கம் தெரிகிற நிழல் 3-ல், நெசவு தெரிகிற வெள்ளை 7-ல். “துண்டு 9-ல் கிடக்கிறது, 7-க்குக் கொண்டுவாருங்கள்” என்றால் இருவருக்கும் ஒரே பொருள். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் 5 ஆக்கிவிடும். வேட்டியை மட்டும் அளந்து எடுத்த படம் மங்கலாக வருவது அதனால்தான். இரண்டு ஸ்டாப் கூட்டினால் அது 7-க்கு வந்துவிடும்.

நிறத்தைச் சாம்பலாக்கும் கட்டம்தான் மிகவும் ஏமாற்றுவது. நம் கண்ணுக்குச் செம்பருத்தியும் அதன் இலையும் நேரெதிர் நிறங்கள். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடலாம், பூ இலைக்குள் காணாமல் போகும். சிவப்பு ஸ்லைடரைக் கூட்டினால் பூ வெளுத்து மேலெழும். பச்சையைக் கூட்டினால் இலை வெளுத்து, அதன் நடுவே பூ கறுப்பாகத் தெரியும். இரண்டும் சரிதான், எது வேண்டுமென்று எடுத்தவர் முடிவு செய்திருக்க வேண்டும். முகப் படத்தில் இன்னும் கவனம் தேவை. மாநிற நெற்றியில் இருக்கும் குங்குமம், சிவப்பு ஃபில்டர் போட்டால் தோலோடு கலந்து மறைந்துவிடும், உதடும் வெளிறிப்போகும். பச்சை ஃபில்டரில் அதே குங்குமம் கரும்பொட்டாக நிற்கும். “நெற்றி வெறிச்சென்று இருக்கிறதே” என்று யாராவது சொன்னால், முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வானத்தைக் கறுப்பாக்க நீல ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இழுக்கும் பழக்கத்துக்கும் தண்டனை உண்டு: வானத்தில் மணல் தூவியது போல் நாய்ஸ், கோபுர விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைக் கண்டால் தயங்காமல் விரல் வைத்துக் காட்டுங்கள். அதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிட முடியாது, கைப்பிழை.

ரசனை வேறுபாடு என்பதற்கு ஆடம்ஸையே பார்க்கலாம். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊர்மேல் நிலா எழும் அவருடைய படம் 1941-ல் எடுத்தது. தொடக்ககாலப் பிரிண்ட்களில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பின்னாட்களில் அவரே போட்ட பிரிண்ட்களில் நிலாவுக்கு மேலே உள்ள வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றுதான். முன்பகுதி மெலிந்திருந்ததால் 1948-ல் அந்தப் பகுதியை மட்டும் வேதிமுறையில் அடர்த்தியாக்கினார். “வானம் இருட்டு” என்று அந்தப் படத்துக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. “இந்த இருட்டில் கீழே இருக்கும் கல்லறைச் சிலுவைகள் இன்னும் பளிச்சிடுகின்றன; அது வேண்டித்தான் செய்தீர்களா?” என்று கேட்கலாம். எனக்கென்னவோ மேகம் தெரிகிற பிரிண்ட்தான் பிடிக்கும். அது என் விருப்பம், குறை இல்லை. இந்த இரண்டையும் சொல்கிறபோதே பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

இனி கேட்டுக்கொள்கிறவர் பக்கம். படத்தை வைத்ததும் கதை சொல்லத் தொடங்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல், மற்றவர்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் “இடது மூலையை வெட்டு” என்பார், ஒருவர் “இருட்டாக்கு” என்பார், ஒருவர் “அந்த வாளி என்னத்துக்கு?” என்பார். மூன்று மருந்தும் வேறு, வலிக்கிற இடம் ஒன்றே. இடத்தை நம்புங்கள், மருந்தை நீங்களே தேடுங்கள். பெரும்பாலும் மூவருமே மருந்தைத் தப்பாகச் சொல்லியிருப்பார்கள். பிறகு இரண்டு பிரதி போட்டு, மறுநாள் அதே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த வெளிச்சம் முக்கியம். பளீரென்ற திரையில் திருத்திவிட்டு “பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது” என்று லேப்காரரைத் திட்டுகிறோம். பிரிண்டுக்காகத் திருத்தும்போது திரையின் ஒளி சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா இருந்தால் போதும். இருட்டறைக்காரர்களுக்கு ஒன்று: ஃபைபர் காகிதம் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பிரிண்ட் காகிதம்) காய்ந்தால் சற்றுக் கறுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிகிற வெள்ளை, காய்ந்தபின் மந்தமாகிவிடும். ஈரப் பிரிண்டுக்குக் கருத்துக் கேட்காதீர்கள்.

ஜன்னல் ஓரத்து மேசைக்கு வாருங்கள். குழல்விளக்கை அணைத்துவிடலாம். ஓரங்களை மறைத்து, வெட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ‘எல்’ வடிவ அட்டைகள் இரண்டு ஜோடி இருக்கின்றன. முதலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, பிறகு கிட்டே வாருங்கள். பிரிண்டின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.