நேர்மை தாளுக்கும் பிட் வரும்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். பரீட்சை நேரம் என்பதால், நல்லது கெட்டது தெரிந்த பிள்ளைகள் ஏன் அதன்படி நடப்பதில்லை என்று பேசச் சொன்னார்கள்.

எங்கள் இளங்கலை மாணவர்களுக்கு வேல்யூ எஜுகேஷன் என்று ஒரு தாள் உண்டு. அதற்கும் பிட் வருகிறது. சட்டைக் கை மடிப்பில், கால்குலேட்டர் மூடிக்குள், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிய மைக்ரோ ஜெராக்ஸ். ஒரு பையனிடம் நான் பிடுங்கிய துண்டில் ‘நேர்மையின் பயன்கள்’ என்று தலைப்பு, கீழே அடிக்கோடு வேறு. சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

ஆனால் ‘இவனுங்களுக்கு ஒழுக்கமே இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வியாசர்பாடி, பட்டாளம் பக்கமெல்லாம் வடியாமல் நின்றது. பால் பாக்கெட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கிப்போனவர்களில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிற இதே பசங்களும் இருந்தார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குக் காப்பியடிக்கவும் பொய் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்துச் சோதித்தார்கள். 1928இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. இவன் நேர்மைக்காரன், அவன் திருடன் என்று பிள்ளைகளைப் பிரித்து வைக்க முடியவில்லை. ஒழுக்கச் சிந்தனை எப்படி வளர்கிறது என்று உளவியலாளர் கோல்பெர்க் வகுத்த ஆறு படிநிலைகளை எங்கள் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அவர் அளந்தது ஒருவர் சொல்லும் காரணத்தை. கை என்ன செய்யும் என்பது தனிக் கதை.

அந்தக் கதையை அழகாகக் காட்டிய சோதனை 1973இல் வெளியானது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் டார்லி, பேட்சன் இருவரும் செய்தது. நாளைக்குப் பாதிரியாராகப் போகிறவர்கள், நாற்பது பேர். ஒவ்வொருவரையும் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதைதான். போகிற வழியில் ஒருவர் இருமி முனகிக்கொண்டு சுருண்டு கிடப்பார். அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ‘ஏற்கெனவே லேட், ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பேசப்போகும் தலைப்பு சமாரியனா வேறா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

அவசரம் ஒன்று. அதைவிட எங்கள் வகுப்பறையில் வலுவானது நட்பு. விடைத்தாளைச் சற்றே சாய்த்துக் காட்டுகிறவன் தப்பு செய்வதாக நினைப்பதில்லை. ‘கூடவே ட்ரெயின்ல வர்றவன் சார், அரியர் வெச்சா வீட்ல படிப்ப நிறுத்திடுவாங்க’ என்பான். காட்டாதவன்தான் அவர்கள் கணக்கில் கெட்டவன். புத்தகத்து அறமும் நட்பின் அறமும் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. கண்காணிப்பாளர் திரும்பியதும் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாம் வகுப்பில் நடத்துவதோ முதலாவதை மட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ‘இதையெல்லாம் ஏன்ணே போட்டுக் குடுக்கறீங்க’ என்று கேட்டேன். ‘நான் போடலைன்னா எதிர்க்கடைல போடப் போறான் சார். பேப்பரைச் சுருக்கித் தர்றதுதான் என் வேலை, அதை வெச்சு என்ன பண்றாங்கன்னு நான் பாக்கறதில்ல’ என்றார். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா பக்கம் பக்கமாக விளக்கிய விஷயம் இது. செய்கிற காரியத்திலிருந்து தன் பொறுப்பைக் கழற்றி வைத்துவிடுவது.

சரி, சொல்லிக்கொடுக்கிற நாங்கள் எப்படி? ஷ்விட்ஸ்கெபெல், ரஸ்ட் இருவரும் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். அறவியல் நடத்துகிறவர்களில் 60 சதவீதம் பேர் பாலூட்டிகளின் இறைச்சியை வழக்கமாகச் சாப்பிடுவது தவறு என்றார்கள். முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், மற்றப் பேராசிரியர்களோடு ஒப்பிடப் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களையும் யாராவது இப்படிக் கேட்கலாம். இன்டர்னல் மார்க் போடும்போது பிடித்த பையனுக்குக் கை தாராளமாவது, வராத வகுப்புக்கு வருகைப்பதிவில் கையெழுத்துப் போடுவது. கேட்டால் அழகான காரணம் சொல்லுவோம். காரணம் சொல்வதில்தானே எங்களுக்குப் பட்டம்.

பாடம் நடத்துவதே வீண் என்று சொல்ல வரவில்லை. கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் இறைச்சி உண்பதன் அறம் பற்றி ஒரு வகுப்பு நடத்திவிட்டு, மாணவர்களின் வளாக உணவு ரசீதுகளைப் பார்த்தார்கள். இறைச்சி கலந்த வாங்கல்கள் 52இலிருந்து 45 சதவீதமாக இறங்கியிருந்தன. ஏழு புள்ளி. கைதட்டவும் முடியாது, கைவிடவும் முடியாது.

என் கட்சி இதுதான்: இன்னொரு நீதிபோதனை வகுப்பைவிட, பையனை அந்த நெருக்கடியில் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பது பலன் தரும். பருவக் கடைசியில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே வாரத்தில் ரெக்கார்டு வைக்கச் சொன்னால் ராத்திரி முழுக்கப் பார்த்து எழுதாமல் என்ன செய்வான்? இரண்டு ஷிஃப்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவனும் அதில் உண்டு. அதனால் எங்கள் துறையில் இந்தப் பருவம் வாரா வாரம் ரெக்கார்டைத் திருத்திக் கையெழுத்துப் போடுகிறோம். கேள்விகளையும் மனப்பாட விடை செல்லாத மாதிரி மாற்றியிருக்கிறோம். பிட் குறைந்ததா என்பது பரீட்சை முடிந்தால் தெரியும். முணுமுணுப்பு மட்டும் முதல் வாரமே கிளம்பிவிட்டது, அதுவும் திருத்துகிறவர்களிடமிருந்து. வணக்கம்.