மூன்று ஆக்சிஜன் அணுக்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டீராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரையும், செல் சவ்வுக்குள் தானாகவே நுழைந்துவிடும், அதற்குக் கதவு வேண்டாம் என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். நுழைவது வரை சரிதான். ஆனால் நுழைந்ததைப் பிடித்து வெளியே தள்ள ஒரு பம்ப் அங்கேயே இருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

பெயர் பி-கிளைக்கோபுரோட்டீன். மருந்துக்கு மசியாத வெள்ளெலிச் செல்களில் 1976-ல் ஜூலியானோ, லிங் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டெடுத்தது. குடலில், சிறுநீரகத்தில், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்: புரதத்தின் இரண்டு பாதிகள் செல்லின் உள்பக்கமாக வாய் பிளந்து நிற்கின்றன, சவ்வின் கொழுப்பில் மிதந்து வரும் மூலக்கூறு பக்கவாட்டில் அதற்குள் விழுகிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி ஒட்டியதும் உள்வாய் மூடி வெளிவாய் திறக்கிறது, அவ்வளவுதான், மூலக்கூறு வெளியே.

1992-ல் ஜப்பானில் உவேடாவின் குழு இந்த மனிதப் பம்ப்பைப் பன்றியின் சிறுநீரகச் செல்களில் வைத்துப் பார்த்தது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல், உடலின் உப்பைக் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோன், கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, மூன்றையும் அது தள்ளியது. கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை மட்டும் தள்ளவில்லை. புரோஜெஸ்டிரோன் போய் நன்றாக ஒட்டிக்கொள்கிறது, நகர மறுக்கிறது, மற்றவற்றுக்கும் வழி அடைபடுகிறது.

கார்டிசோல், புரோஜெஸ்டிரோன் இரண்டும் கொலஸ்ட்ராலிலிருந்து பிறந்தவைதான். இரண்டிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன். புரோஜெஸ்டிரோனில் ஆக்சிஜன் 2, கார்டிசோலில் 5. அந்த மூன்று அணுக்கள் ஆளையே மாற்றிவிடுகின்றன!

சரி, நம் தலைக்குள் என்ன நடக்கிறது? கார்டிசோலைவிட ஒரே ஒரு ஆக்சிஜன் குறைந்த இன்னொரு ஹார்மோனான கார்டிகோஸ்டிரோன் நம் ரத்தத்தில் சொற்பம்தான் ஓடுகிறது. இந்தப் பம்ப் இல்லாத எலிகளின் மூளையில் கார்டிசோல் கூடுதலாகப் புகுந்தது, கார்டிகோஸ்டிரோனுக்கோ பம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்புறம் இறந்த மனிதர்களின் மூளைத் திசுவையும் அளந்தார்கள். ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே கார்டிகோஸ்டிரோனின் பங்கு கூடுதலாக இருந்தது.