மேளக்காரருக்கும் கண் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன் நான். உலகத்தில் அதிகம் பேர் அறியாத சண்டைக் கலைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் சண்டையைவிட, அதற்குப் பக்கத்தில் ஒலிக்கும் மேளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

கரிபியன் கடலில் டிரினிடாட் தீவு. அங்கே கலிண்டா என்றொரு கம்புச் சண்டை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த கலை. வட்டமான களம், சுற்றிலும் மேளம், பாட்டு. எதிராளியின் தலையில் அடித்து இரத்தம் வரவழைத்தால் வெற்றி. களத்தில் ஒரு குழி தோண்டியிருப்பார்கள். மண்டை உடைந்தவர் அதன்மேல் குனிந்து இரத்தத்தை வடியவிட வேண்டும். இதை என் மாணவர்களிடம் சொன்னால் பெற்றோர் மறுவாரம் அனுப்ப மாட்டார்கள்!

1881இல் அங்கே திருவிழாக் கூட்டத்துக்கும் காவல்துறைக்கும் பெரிய மோதல். அதன் பிறகு ஆங்கிலேய அரசு கம்புக் கூட்டங்களை அடக்கியது. மேளத்துக்கும் தடை போட்டது. மேளம் இல்லாமல் கம்பு எப்படி ஆடும்? மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930களில் மூங்கிலின் இடத்துக்குத் தகர டப்பாக்களும் இரும்பும் வந்தன. ஸ்டீல்பேன் என்று இன்று உலகமே கேட்கும் வாத்தியம் அப்படிப் பிறந்ததுதான்.

நைஜீரியாவில் ஹவுசா மக்களின் டம்பே குத்துச் சண்டையும் இப்படித்தான். பழைய காலத்தில் இறைச்சி வெட்டுபவர்கள் ஆடியது. ஒரு கையை மட்டும் துணியாலும் கயிற்றாலும் இறுகச் சுற்றியிருப்பார்கள்; அந்தக் கையால்தான் அடிப்பார்கள். மற்றக் கை தடுக்க மட்டும். அங்கேயும் மேளம் உண்டு, வீரரைப் புகழ்ந்து பாடவும் ஆள் உண்டு. எகிப்தின் தஹ்தீப் கம்பு விளையாட்டும் இசையோடு நடப்பதே. 2016இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

மேளமே இல்லாத சண்டையும் இருக்கிறது. ஐஸ்லாந்தின் கிளீமா மல்யுத்தத்தில் ஒருவர் இடுப்புப் பட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, சுற்றிச் சுற்றி அடி வைக்க வேண்டும். கீழே குனிந்து பார்க்கக் கூடாது. தாளம் முழுக்கக் காலில்தான்.

அவ்வளவு தூரம் எதற்கு? மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மணமக்கள் முன் அவர்களின் தற்காப்புக் கலையான சிலாட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கெண்டாங் மேளம், செருணைக் குழல், கோங் மணி மூன்றும் இல்லாமல் அது களைகட்டாது. நம் நாட்டுச் சிலாட் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

சரி, நம் சிலம்பத்துக்கு வருவோம். இப்போது பல மேடைகளில் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டுக் கம்பு சுற்றச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பதிவு செய்த பாட்டுக்குக் கண் கிடையாது. பிள்ளை காலடி தவறி ஒரு நொடி தடுமாறினாலும் பாட்டு தன் போக்கில் ஓடும். பிள்ளை பதறிப்போய் வீடு கட்டுவதையே, அதாவது முறைப்படி காலடி வைப்பதையே, விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் சுழற்றும். மேளக்காரர் பக்கத்தில் இருந்தால் அந்தக் காலைப் பார்த்துத் தாளத்தை இழுத்துப் பிடிப்பார். கால் ஊன்றியதும் ஏற்றிவிடுவார்.

நம் ஊரில் உறுமி மேளக் குழுக்களுக்குப் பஞ்சமா என்ன? தைப்பூசத்துக்கு எத்தனை குழுக்கள் பத்துமலையில் நிற்கின்றன! அந்தத் தம்பிகளில் ஒருவரையாவது உங்கள் வட்டாரச் சிலம்ப வகுப்புக்கு அழைத்து வாருங்கள். முதல் நாள் இரண்டு பக்கமும் தடுமாறும். பரவாயில்லை, அடிக்கட்டும்.