முன்னோரைத் தேடுவோம்: ஒரு இறப்புச் சான்றிதழில் இருந்து

(திரையில்: மடிப்பு விழுந்த இறப்புச் சான்றிதழ். பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.)

வணக்கம். இறந்த தேதி, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எல்லாம் இந்த ஒரே தாளில் இருக்கிறது. முத்திரையும் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது.

இறந்த தேதியைப் பெரும்பாலும் சில நாட்களுக்குள் பதிந்துவிடுவார்கள். அதை ஓரளவு நம்பலாம். பிறந்த தேதி அப்படியில்லை. அதைச் சொன்னவர் மகனாகவோ மருமகளாகவோ இருக்கலாம். அந்தப் பிறப்பு நடந்தபோது அவர்கள் பிறக்கவே இல்லை. துக்கத்தில் இருக்கும்போது கேட்டிருப்பார்கள், நினைவில் இருந்ததைச் சொல்லியிருப்பார்கள். ஆகவே தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: இதைச் சொன்னது யார்? எப்போது? அவருக்கு எப்படித் தெரியும்? பிறந்த தேதிக்குப் பள்ளிப் பதிவு, திருமணப் பதிவு என்று பழைய தாள்களைத் தேடுங்கள். கிடைக்கும்வரை அந்தத் தேதி பென்சிலில் இருக்கட்டும்.

(திரையில்: மூதாட்டியின் கைகள், பழைய புகைப்படம்.)

ஆவணங்கள் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். "தாத்தா எந்த வருடம் பிறந்தார்?" என்றால் "யாருக்குத் தெரியும்" என்பார்கள். புகைப்படத்தைக் கையில் கொடுத்து, "நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வீட்டில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மறந்துபோன சித்தியும் இறந்துபோன குழந்தையும் பேச்சில் வருவார்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

(திரையில்: எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

சரி, கிடைத்ததை எப்படி அடுக்குவது? நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 6 என்றால் அம்மாவின் அப்பா. இந்த முறை 1590லேயே அச்சில் வந்துவிட்டது. பத்துத் தலைமுறை பின்னே போனால் 1024 இடங்கள்! ஆனால் அத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் என்றால், எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளுக்குப் பதில் ஆறு பேர்தான்.

இணையத்தில் ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதன் பின்னால் இருப்பவர்கள் 1938 முதல் உலகம் முழுக்கப் பழைய பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் பதியும் படச்சுருளில், படம் எடுத்தவர்கள். பெயரைத் தட்டச்சு செய்து, வரவில்லை என்றதும் மூடிவிடாதீர்கள். பல பதிவேடுகள் பெயரைத் தட்டித் தேட முடியாதபடி, படமாக மட்டும் இருக்கின்றன. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் எழுத்து மாறியிருக்கும். பெயர் பொருந்தினாலும் வயது, ஊர், துணைவர் பெயர் எல்லாம் ஒத்துவருகிறதா பாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருப்பது சாதாரணம்.

அப்புறம், டிஎன்ஏ பரிசோதனை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் கடத்தப்படுகிறது. தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடம் இருந்தும் உங்களுக்கு வந்தது சராசரியாகக் கால் பங்கு. அதனால் உங்களுக்கு முன் வீட்டில் மூத்தவருக்குச் செய்வது நல்லது. ஆனால் யாரும் எதிர்பாராத உறவு ஒன்று முடிவில் வெளிப்படலாம். அதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, அவர் மனதாரச் சம்மதித்த பிறகு மட்டும் மாதிரி எடுங்கள்.